படிப்பது எழுத்தில் எப்படி இறங்குகிறது: வேலூர்ப் பக்கத்துக் கதைக்காரர்களுக்கு 12 வார வழிகாட்டி

கதை நடப்பது பேரணாம்பட்டில். தோல் ஷாப்பில் வேலை முடித்து அப்பா வீட்டுக்கு வருகிறார். வாசலில் நிற்கிற மகன், "எய்யா, சாப்ட்டியளா?" என்று கேட்கிறான். எழுதியவர் அதே ஊர்க்காரர். அவர் வீட்டிலும் தெருவிலும் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிட்டதே கிடையாது. ஆனால் பத்து வருடமாக அவர் ஆசை ஆசையாகப் படித்த நாவல்கள் முழுக்கத் தாமிரபரணிக் கரையிலும் நாஞ்சில் நாட்டிலும் நடந்தவை. அப்பாவும் மகனும் பேசவேண்டிய இடம் வந்ததும், கை தன்னாலே படித்த பேச்சை எடுத்துப் போட்டுவிட்டது.

வடாற்காட்டிலிருந்து புதிதாக எழுத வருகிறவர்களுக்கு இந்தக் கோளாறு சுலபமாக ஒட்டிக்கொள்ளும். கரிசல், நாஞ்சில், கொங்கு, தஞ்சை வட்டாரங்களுக்கு அடுக்கடுக்காகப் புத்தகம் இருக்கிறது. இந்தப் பக்கத்து அலமாரி அவ்வளவு நிறைவில்லை. வாலாஜாவை அடுத்த வேலத்துக்காரரான மு. வரதராசனாரைத் தமிழ்நாடு முழுக்கப் படித்தது. 1961-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவருடைய 'அகல் விளக்கு' வாலாஜாவிலும் நடமாடுகிறது. ஆனால் அவருடைய மனிதர்கள் பேசுவது திருத்தமான பொதுத்தமிழ். இந்தப் பக்கத்துத் தெருப்பேச்சைக் கதையில் கேட்கவேண்டும் என்றால் பேரணாம்பட்டு அழகிய பெரியவன் போன்றவர்களைத் தேடிப் போகவேண்டும்.

"நிறையப் படி, எழுத்து தானா வரும்" என்று பெரியவர்கள் சொல்வது உண்மைதான். வரும். யாருடைய எழுத்து வரும் என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை. எதைப் படிக்கிறோம், எத்தனை தடவை, எந்த நேரத்தில், எழுதிக்கொண்டிருக்கும் நாட்களில் கையில் என்ன புத்தகம் இருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் நம் வாக்கியத்தின் நீளம், பாத்திரத்தின் பேச்சு, கதையை முடிக்கும் விதம் ஆகியவற்றைத் தீர்மானிக்கின்றன. இதை அதிர்ஷ்டத்துக்கு விடாமல் நாமே கையில் எடுத்துக்கொள்ளலாம்.

வேண்டியவை: 200 பக்க நோட்டு ஒன்று, பென்சில், நூலக அட்டை, தினம் ஒன்றேகால் மணி நேரம். காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போய்வருகிறவர்களுக்கு அது ஒரு பக்கப் பயணத்திலேயே கிடைத்துவிடும். வீட்டில் இருப்பவர்கள் போனை வேறு அறையில் வைத்தால் கிடைக்கும்.

வாரம் 1: கணக்கெடுப்பு

கடைசியாக முழுசாகப் படித்து முடித்த 20 கதைப் புத்தகங்களை எழுதுங்கள். பாதியில் வைத்தவை கணக்கில் வராது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து விவரம்: கதை நடக்கிற ஊர், தமிழிலேயே எழுதப்பட்டதா மொழிபெயர்ப்பா, சொல்வது 'நான்' என்கிற ஆளா வெளியிலிருந்து பார்க்கிற ஆளா, உரையாடல் எந்த வட்டாரப் பேச்சு, எந்த வடிவில் படித்தது (புத்தகம், வாரப் பத்திரிகை, போன் திரை). பட்டியல் முடிந்ததும் அதிகம் வந்த பதில்களின் கீழே கோடு போடுங்கள். 20-இல் 12-க்கு மேல் ஒரே பதில் வந்தால் அந்தப் பழக்கம் உங்கள் எழுத்தில் கட்டாயம் இறங்கியிருக்கும்.

அடுத்த நாள் உங்கள் கதையிலிருந்து மூன்று பக்கம், சுமார் 750 சொல், எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக எழுதாதீர்கள். ஏற்கெனவே எழுதியதுதான் வேண்டும், சோதனை என்று தெரிந்தால் கை ஜாக்கிரதையாகிவிடும். அதில் எண்ணவேண்டியவை: வாக்கியத்துக்குச் சராசரி எத்தனை சொல், 'ஒரு' எத்தனை முறை, 'அவன்', 'அவள்' என்று தொடங்கும் வாக்கியங்கள் எத்தனை, பேச்சு வரிகள் எத்தனை, கண்ணால் பார்த்ததைத் தவிர மூக்குக்கும் காதுக்கும் தோலுக்கும் வந்தவை எத்தனை.

இந்த எண்களைப் படிக்கிற விதம் இப்படி. ஒரு பக்கத்தில் 'ஒரு' பத்தைத் தாண்டினாலும், அடுத்தடுத்த நாலு வாக்கியம் 'அவன்' என்றே தொடங்கினாலும் மொழிபெயர்ப்பு வாசிப்பு தூக்கலாக இருக்கிறது. தமிழில் எழுவாயை விட்டுவிடலாம், வினைமுற்றே ஆளைச் சொல்லிவிடும். அவசரமாக மொழிபெயர்த்த புத்தகங்களில் இந்த வசதி காணாமல் போயிருக்கும், அதையே படித்துப் படித்து நாமும் மறந்துவிடுகிறோம். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் இரண்டு அடைமொழி வந்தால் தொடர்கதைப் பழக்கம். பத்தி இரண்டு வரியைத் தாண்டாமல், கடைசி வரி கைதட்டலை எதிர்பார்த்து நின்றால் போன் திரையில் படித்தது. மூக்கும் காதும் பூஜ்யம் என்றால் கதையைவிடப் படம்தான் அதிகம் பார்த்திருக்கிறீர்கள்.

ஒரே காட்சி, நாலு வாசிப்பு

பேச்சாகச் சொல்வதைவிட ஓர் உதாரணத்தைப் பார்த்துவிடலாம். ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண் காலையில் கம்பெனி பஸ்ஸை விட்டுவிடுகிறாள். விஷயம் இவ்வளவுதான்.

தொடர்கதை படித்து வளர்ந்த கை இப்படி எழுதும்: "கீழ்வானில் செங்கதிரோன் தன் பொற்கரங்களை நீட்டிய இனிய காலைப் பொழுது. செல்வியின் கருவண்டுக் கண்களில் சொல்லவொணாச் சோகம். அவள் வாழ்க்கையைப் போலவே பேருந்தும் அவளை விட்டுச் சென்றிருந்தது..."

மொழிபெயர்ப்பே கதி என்று இருந்த கை: "அது ஒரு சாம்பல் நிறக் காலையாக இருந்தது. அவள் தனது கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு பேருந்து அவளைக் கடந்து சென்றது. அவள் தனது தோள்களைக் குலுக்கிக்கொண்டாள்."

தெற்கத்தி நாவல்களில் ஊறிய கை: "'ஏட்டி, வண்டி போயிட்டுல்லா' என்றார் பால்காரர்."

நாலாவது: "பஸ் மெயின் ரோட்டில் ஏறித் திரும்பிவிட்டது. செல்வி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பத்தடி ஓடி நின்றாள். டிபன் பாக்ஸில் குழம்பு கவிழ்ந்து பை நனைந்திருந்தது. 'இன்னாம்மா, இன்னிக்கும் வுட்டுட்டியா?' பால்காரர் வண்டியை நிறுத்தினார். 'சின்னதுக்கு ஜொரம்ணா. ராத்திரி முச்சூடும் தூங்கல. இட்டுகினு போயி ஊசி போட்டுட்டு வர்றதுக்குள்ள...' கையை முகர்ந்து பார்த்தாள். மீன் குழம்பு."

நாலாவது மட்டும்தான் இலக்கியம் என்று சொல்ல வரவில்லை. முதல் மூன்றிலும் எழுதியவர் காட்சியைப் பார்க்கவே இல்லை, ஏற்கெனவே படித்த வேறொரு காட்சியைத்தான் பார்த்திருக்கிறார். தோளைக் குலுக்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பூர் பஸ் நிறுத்தத்தில் அலட்சியத்துக்கு யாரும் தோளைக் குலுக்குவதில்லை. உதட்டைப் பிதுக்குவார்கள், கையை விரிப்பார்கள், 'ப்ச்' கொட்டுவார்கள். உடம்பசைவைக்கூடப் புத்தகத்திலிருந்து எடுக்கிறோம் என்பது அச்சில் பார்த்தால்தான் உறைக்கும். உங்கள் 750 சொல்லில் உள்ள உடம்பசைவுகளை எல்லாம் வட்டமிட்டு, இதை நம் தெருவில் யாராவது செய்து பார்த்திருக்கிறோமா என்று கேளுங்கள். இல்லை என்றால் அடித்துவிடுங்கள், பதிலுக்கு எதையும் போடவேண்டாம். பெரும்பாலும் அந்த இடம் காலியாக இருந்தாலே நன்றாக இருக்கும்.

வாரம் 2, 3: ஒரே கதையை மூன்று தடவை படிப்பது

2,500 முதல் 3,000 சொல் வரையிலான சிறுகதை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நாவல் வேண்டாம், பழகுவதற்கு அது பெரிசு. நூலகப் புத்தகத்தில் கோடு போடக்கூடாது, ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எழுத்தாளர்கள் பலர் நாட்டுடைமையாகிவிட்டதால் அவர்கள் எழுத்து இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தேடிப்பாருங்கள்.

முதல் தடவை பென்சிலைத் தொடாதீர்கள். ஒரே மூச்சில், வாசகராகப் படியுங்கள். முடித்ததும் மூடிவைத்துவிட்டு, திறந்து பார்க்காமல் ஐந்து வரி எழுதுங்கள்: மனசில் என்ன நின்றது? கதைச் சுருக்கம் வேண்டாம். ஒரு பாத்திரம், ஒரு சொல், ஒரு வாசனை, எது நின்றதோ அது. இந்த ஐந்து வரியைத் தவறவிட்டால் பிறகு மீட்கமுடியாது, முதல் வாசிப்பு ஒருமுறைதான் கிடைக்கும்.

இரண்டாம் தடவை, மறுநாள், பென்சிலோடு. பத்திகளுக்கு எண் போடுங்கள். ஓரத்தில் ஒவ்வொரு பத்திக்கும் அது என்ன வேலை செய்கிறது என்று ஒரே சொல்: நடப்பு, பேச்சு, வர்ணனை, நினைவு. பிறகு காலம் நகர்கிற இடங்களுக்கெல்லாம் அடிக்கோடு ('மறுநாள்', 'அப்போது', 'அந்த வருஷம்'). பேச்சு வரிகளில் 'என்றான்', 'என்றாள்' எத்தனைக்கு வருகிறது, எத்தனைக்கு வராமலே யார் பேசுகிறார் என்று தெரிகிறது என்பதைத் தனியாக எண்ணுங்கள். நல்ல கதைகளில் பேச்சின் ஜாடையே ஆளைக் காட்டிவிடும். நம் கதையில் ஒவ்வொரு வரிக்கும் 'என்றான்' தேவைப்பட்டால் எல்லாரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள் என்று அர்த்தம்.

மூன்றாம் தடவை, ஒரு வாரம் கழித்து. முழுசாகப் படிக்கவேண்டியதில்லை. முதல் மூன்று பத்தி, கடைசி மூன்று பத்தி, பிறகு உங்கள் ஐந்து வரியில் இருக்கிற விஷயம் கதையில் எங்கே வருகிறது என்று தேடுங்கள். அரைப் பக்கமாவது இருக்கும் என்று நினைத்துத் தேடுவீர்கள், பல சமயம் இரண்டே வரியில் இருக்கும். அந்த இரண்டு வரிக்கு எத்தனை பத்திக்கு முன்னாலிருந்தே ஏற்பாடு நடந்திருக்கிறது என்று பின்னோக்கிப் போங்கள். முன்னால் சும்மா சொன்னது போலக் கிடந்த பித்தளைச் சொம்பும் நடுவில் வந்த இருமலும் எதற்கு என்று அப்போது புரியும். ஒரு கதைக்கு மொத்தம் நாலு மணி நேரம் ஆகும். 12 வாரத்தில் இப்படி எட்டுக் கதை போதும். எண்பது கதையை மேலோட்டமாகப் படித்தால் கைக்கு வருவது வாடை மட்டும்தான்.

வாரம் 4 முதல் 6 வரை: கையால் எழுதிப் பார்ப்பது

வாரத்துக்கு ஐந்து நாள், தினம் 20 நிமிடம், 200 சொல். பார்த்துப் பார்த்துக் காப்பி அடித்தால் கையெழுத்து மட்டும்தான் திருந்தும். ஒரு வாக்கியத்தைப் படியுங்கள், புத்தகத்தைக் கவிழ்த்துவையுங்கள், நினைவிலிருந்து எழுதுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். எங்கே மாறியிருக்கிறதோ அங்கேதான் உங்கள் பழக்கம் ஒளிந்திருக்கிறது. அவர் விட்ட 'அவன்'-ஐ நீங்கள் சேர்த்திருப்பீர்கள். அவர் கடைசியில் வைத்த சொல்லை நீங்கள் நடுவில் வைத்திருப்பீர்கள். அவர் 'போனான்' என்று நிறுத்தியதை நீங்கள் 'மெதுவாக நடந்து போனான்' ஆக்கியிருப்பீர்கள். இந்த மாற்றங்களைச் சிவப்பு மையால் குறித்துக்கொண்டே வந்தால், மூன்றாவது வாரம் ஒரே தப்பு திரும்பத் திரும்ப வருவது தெரியும். திருத்தவேண்டியது அதைத்தான்.

வாரத்துக்கு ஓர் எழுத்தாளர் என்று மாற்றுங்கள். மூன்று பேரில் ஒருவர் உங்களுக்குப் பிடிக்காதவராக இருப்பது நல்லது. பிடித்தவரிடம் மயங்கிவிடுவோம், பிடிக்காதவரிடம்தான் கண் கூர்மையாக இருக்கும். ஒவ்வொரு வாரக் கடைசியிலும் அவர் பத்திகளின் வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு (நடப்பு, பேச்சு, பேச்சு, நினைவு, நடப்பு) உங்கள் ஊர்ச் சரக்கை அதில் போட்டு ஒரு பக்கம் எழுதுங்கள். இந்தப் பக்கங்கள் பயிற்சிக்கு மட்டும். பத்திரிகைக்கு அனுப்பாதீர்கள், பிறகு எடுத்துக் கதையில் ஒட்டவும் ஒட்டாதீர்கள். ஆறு மாதம் கழித்து எந்த வரி யாருடையது என்று உங்களுக்கே மறந்துபோகும், சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

வாரம் 7, 8: காதால் படிப்பது

உள்ளூர்ப் பேச்சுக்கான பாடநூல் வேலூர் லாங்கு பஜாரிலும் குடியாத்தம் பஸ்ஸிலும்தான் இருக்கிறது. வேடிக்கையான சொற்களைப் பொறுக்காதீர்கள், அவை கதையில் பொம்மை போல நிற்கும். வினைமுற்றுகளைக் குறியுங்கள். கீறேன், கீறாரு, கீது. போய்க்கினு, சொல்லிகினு, இட்டுகினு வா. இன்னா, அப்பால, வுடு. யார் யாரிடம் சொன்னது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். கடைக்காரர் வாடிக்கையாளரிடம் பேசுவதும் அவரே தம்பியிடம் போனில் பேசுவதும் வேறு வேறு தமிழ். படித்த பிள்ளைகள் வீட்டுக்குள் 'கீது' என்றும் கல்லூரி வாசலில் 'இருக்கு' என்றும் மாற்றிக்கொள்வார்கள். அந்த மாற்றம் நடக்கிற நொடியே ஒரு கதைக்குப் போதும்.

தமிழ் மட்டுமே கேட்காது என்பதும் நினைவிருக்கட்டும். ஆம்பூர், வாணியம்பாடி பஜாரில் உருது, ஆந்திர எல்லை ஓரத்தில் தெலுங்கு, சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுத் தெருக்களில் வங்காளமும் இந்தியும். கடைப் பலகையிலேயே வங்காள எழுத்து இருக்கும். வேலூரில் நடக்கிற கதையில் பத்துப் பேர் வந்து பத்துப் பேரும் ஒரே அச்சில் தமிழ் பேசினால், எழுதியவர் தெருவைக் கேட்கவில்லை, புத்தகத்தைக் கேட்டிருக்கிறார்.

அளவு முக்கியம். கதை சொல்வது பொதுத்தமிழில் இருக்கட்டும். பேச்சில் ஓர் ஆளுக்கு மூன்று அடையாளம் போதும்: ஒரு வினை வடிவம், ஒரு கூப்பிடும் சொல், ஒரு வாய்ப்பழக்கம். ஒவ்வொரு சொல்லையும் ஒலித்தபடியே எழுதினால் வாசகர் எழுத்துக்கூட்டிப் படிக்கவேண்டி வரும், துக்கம் வரவேண்டிய இடத்தில் புதிர் வரும். எந்தச் சொல்லை எப்படி எழுதுவது என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். 'கீறாரு' என்று மூன்றாம் பக்கத்தில் எழுதிவிட்டு ஒன்பதாம் பக்கத்தில் 'கீறார்' என்று எழுதினால் அச்சுப்பிழை போலத் தெரியும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு தொல்லை சினிமாவால் வந்தது. 'கீது', 'இன்னா' என்றாலே வாசகர் காதில் சென்னை ரவுடியோ காமெடியனோ பேசத் தொடங்கிவிடுகிறார். வடாற்காட்டுப் பேச்சுக்கும் அந்தப் பேச்சுக்கும் உறவு உண்டு, ஆனால் ஏற்ற இறக்கம் வேறு. இதற்கு ஒரே வழி, கதையில் அந்தப் பேச்சை முதலில் பேசுகிறவர் சிரிப்பு மூட்டாத ஆளாக இருக்கவேண்டும். பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிற ஆயா, "எங்க கீறான் அவன்? வந்து பாக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு 'கீது' கேட்டு யாரும் சிரிக்கமாட்டார்கள். இது முதல் இரண்டு பக்கத்துக்குள் நடந்துவிட்டால் நல்லது.

கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கிற ஊர் பக்கத்தில் இருந்தால் ஓர் இரவை ஒதுக்குங்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி என்று போகும். கதைக்காரர் அங்கே கவனிக்கவேண்டிய ஆள் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன். ராஜா விருத்தத்தில் உருகிக்கொண்டிருப்பார். கட்டியங்காரன் அதே மூச்சில் அந்த ஊர்க் கொச்சையில் குறுக்கே பேசுவான், ரேஷன் கடையையும் இழுப்பான். உயர்ந்த நடையும் தெருப்பேச்சும் ஒரே காட்சியில் ஒன்றையொன்று கெடுக்காமல் நிற்கும். எப்படி என்று பாருங்கள்: அவன் ராஜாவின் துக்கத்தைக் கிண்டல் செய்யமாட்டான், ராஜாவின் படோடோபத்தைத்தான் செய்வான். உரையாடலில் நகைச்சுவை எங்கே போடலாம், எங்கே கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் அச்சில் கிடைப்பது அரிது.

அச்சில் ஒன்று வேண்டும் என்றால் பத்துப்பாட்டில் உள்ள மலைபடுகடாம். செங்கத்தை ஆண்ட நன்னனைத் தேடிப்போகிற கூத்தருக்கு வழிசொல்கிற பாட்டு, 583 அடி. பழைய வடாற்காட்டு நிலம்தான். அதில் மலையில் எழும் ஓசைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார் புலவர். புண்பட்ட கானவனுக்காகப் பெண்கள் பாடும் பாட்டு, தினை குற்றும் பெண்களின் வள்ளைப்பாட்டு, கரும்பு ஆலையின் சத்தம். ஒவ்வொரு ஓசைக்கும் பின்னால் ஒரு தொழில், ஓர் ஆள், ஒரு வருத்தம் இருக்கும். சும்மா 'பறவைகள் கீச்சிட்டன' என்று எழுதுகிற பழக்கத்துக்கு அதுதான் மருந்து. உரையோடு வாரம் 50 அடி, வாய்விட்டுப் படியுங்கள்.

வாரம் 9 முதல் 11 வரை: எழுதும்போது கையில் என்ன இருக்கவேண்டும்

முதல் வரைவு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே, உங்கள் கதைக்குக் கிட்டத்தில் இருக்கிற புனைவுகளை நிறுத்திவிடுங்கள். அதே களம், அதே 'நான்', அதே தாளம் உள்ள எதுவும் வேண்டாம். ராத்திரி படித்த நாவலின் தாளம் மறுநாள் காலை வரை உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். எழுத உட்கார்ந்தால் முதல் இரண்டு பத்தி அவர் குரலில்தான் வரும், அது நம்முடையது என்றே தோன்றும். வாசிப்பையே நிறுத்தினாலும் ஆபத்து, சொற்கள் வற்றிவிடும். காலையில் இரண்டு பக்கம் கவிதை வாய்விட்டு, இரவில் கதை அல்லாத காகிதங்கள் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

காகிதங்கள் என்றால் என்ன? பாலாற்றங்கரையில் தோல் கழிவுநீரால் கெட்ட நிலத்தைப் பற்றிக் கதை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் படியுங்கள். தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுசாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்று அதில் வருகிறது. இந்த எண்ணைக் கதையில் போடாதீர்கள். 35,000 ஹெக்டேருக்காக யாராலும் அழமுடியாது. அதிலிருந்து ஒரு கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள்: தண்ணீரின் நிறம், அதில் வெந்த பருப்பு, சின்னதாகிப்போன தேங்காய், கிணறு இருந்தும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிற தூரம். தொழில் பக்கத்துக்கு, தோல் எப்படிப் பதமாகிறது என்று வரிசையாகத் தெரிந்துகொள்ளுங்கள்: ஊறவைப்பது, சுண்ணாம்புக் குழி, முடி நீக்குவது, சதை வழிப்பது, பிறகு பதனிடுவது. பழைய முறையில் ஆவாரம்பட்டை, இப்போது பெரும்பாலும் குரோமியம். ஆவாரம்பட்டைக் காலத்துக் கதையில் குரோமியத்தின் நீலத் தோல் வந்தால் அந்தத் தொழில்காரர் புத்தகத்தை மூடிவிடுவார்.

பழைய காலத்துக் கதை என்றால் ஆர்தர் காக்ஸ் தொகுத்த 1881-ஆம் ஆண்டு வடாற்காடு மாவட்டக் கையேடு உதவும். விளைச்சல், ஏரி, பாதை, சந்தை என்று பொருள் நிறைய. ஆனால் சாதிகளையும் மக்களையும் பற்றி அதில் இருப்பது வெள்ளைக்கார அதிகாரியின் பார்வை. பொருளை எடுத்துக்கொண்டு பார்வையை விட்டுவிடத் தெரியவேண்டும்.

தகவல் சேகரிப்புக்கு இரண்டு வாரம், பத்துப் பக்கக் குறிப்பு என்று எல்லை கட்டுங்கள். எல்லை இல்லாவிட்டால் தேடுவதே சுகமாகிவிடும், எழுதுவது தள்ளிப்போகும். குறிப்பில் பத்தில் ஒரு பங்குதான் கதைக்குள் போகும். மற்றது தப்பு செய்யாமல் இருக்க உதவும்.

வரைவு முடிந்தபிறகு புனைவுக்குத் திரும்பலாம், இப்போது தேவையைப் பார்த்து. நடுப்பகுதி தொய்கிறது என்றால் நடுப்பகுதியை நன்றாகக் கட்டிய இரண்டு கதைகளைத் தேடி, அந்தப் பகுதியை மட்டும் மூன்று தடவை படிப்பது. முழுப் புத்தகத்தையும் எடுத்தால் உங்கள் வரைவே பிடிக்காமல் போய்விடும்.

வழக்கமாகக் கெடுகிற இடங்கள்

ஒரே எழுத்தாளரைத் தொடர்ந்து ஐந்து புத்தகம் படிப்பது. மூன்றாவதிலேயே அவருடைய சொற்கள் வரத் தொடங்கும், ஐந்தாவதில் அவருடைய கோபங்களும் வரும். நடுவில் வேறு ஆளைச் செருகுங்கள்.

விருதுப் பட்டியலை மட்டும் பார்த்துப் படிப்பது. எல்லாரும் அதையே படிப்பதால் எல்லாரும் அதையே எழுதுவார்கள். புத்தகத் திருவிழாவுக்குப் போகும்போது வாங்குவதில் மூன்றில் ஒன்று யாரும் பரிந்துரைக்காததாக இருக்கட்டும், முதல் பக்கத்தை நின்றபடி படித்துப் பார்த்து வாங்குங்கள்.

விமர்சனத்தைப் படித்துவிட்டுக் கதையைப் படிப்பது. முதல் வாசிப்பின் ஐந்து வரி விமர்சகருடையதாகிவிடும்.

எழுத்து நின்றுபோனால் புத்தகத்துக்குள் ஓடுவது. இது மிகவும் மரியாதையான சோம்பல், வீட்டில் யாரும் திட்டமாட்டார்கள். அன்றைய ஒன்றேகால் மணியில் 40 நிமிடம் எழுத்து முடிந்தபிறகுதான் புத்தகம் என்று வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம்.

எப்படி எழுதுவது என்று சொல்லும் புத்தகங்களை வரிசையாகப் படிப்பது. வருடத்துக்கு ஒன்று போதும். இந்த வழிகாட்டிக்கும் அது பொருந்தும்.

வாரம் 12: சோதனை

புதிய வரைவிலிருந்து 750 சொல் எடுத்து முதல் வாரத்துக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். எல்லா எண்ணும் மாறியிருக்கவேண்டியதில்லை. 'ஒரு'-வும் உடம்பசைவுகளும் குறைந்து, மூக்கும் காதும் இரண்டு மூன்று இடத்தில் தலைகாட்டினாலே வேலை நடந்திருக்கிறது.

பிறகு அந்தப் பக்கங்களில் ஊர்ப் பெயர், ஆற்றுப் பெயர், கோயில் பெயர் எல்லாவற்றையும் கறுப்படித்துவிட்டு, கதை படிக்கிற பழக்கம் உள்ள இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் இந்தப் பக்கத்து ஆள், இன்னொருவர் வெளியூர். இது எங்கே நடக்கிறது என்று மட்டும் கேளுங்கள், நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். வெளியூர்க்காரர் 'சென்னை' என்றால் வினைமுற்றுகளைச் சினிமாவிலிருந்து எடுத்திருக்கிறீர்கள், ஏழாம் வாரத்துக்குப் போங்கள். உள்ளூர்க்காரர் 'எங்க வேணா நடக்கலாம்' என்றால் பேச்சு சரியாக இருந்தும் பொருட்கள் பொதுவாக இருக்கின்றன, ஒன்பதாம் வாரத்துக் காகிதங்களை இன்னும் கொஞ்சம் புரட்டவேண்டும். உள்ளூர்க்காரர் ஊரைச் சொல்லிவிட்டு, "இந்தத் தெருவுல இப்பிடிப் பேசமாட்டாங்களே, அடுத்த தெருவுலதான்" என்று தகராறு பண்ணினால் அந்த வரைவை வைத்துக்கொண்டு மேலே எழுதலாம். தகராறு பண்ணின இடத்தை மட்டும் அவரிடமே கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.